ஏறி மிதிக்க வந்த வைத்தியர்

தையல்காரிக்குப் பதினாறு வயதிலேயே முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைந்துவிட்டது. அக்கா அவளை வைத்தியர் வைத்தியராக இழுத்துக்கொண்டு அலைந்தாள். எண்ணெய் தடவி நீவினால் வலி குறைந்தது. வளைவு மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியாகப் பார்த்த வைத்தியர் அவளைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் ஏறி நிற்கக் காலைத் தூக்கினார். அவள் சட்டென்று உருண்டு எழுந்துவிட்டாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கோடி. நிமிர்ந்தாத்தானே நாலு பேர் பொண்ணு கேட்டு வருவாங்க?" என்றாள் அக்கா.

"வலிக்கு நீவட்டும், எத்தனை தடவை வேணாலும் வர்றேன். நாலு பேருக்காக என் முதுகுல ஏற விடமாட்டேன்க்கா."

அன்று சாயங்காலமே, வளைவு தெரியாமலிருக்க இத்தனை நாள் போட்டுவந்த தொளதொள சட்டைகளை எல்லாம் மூட்டை கட்டினாள். அளவு டேப்பை அக்கா கையில் கொடுத்துத் திரும்பி நின்றாள்.

"வளைவு எப்படி இருக்கோ அப்படியே எடு. எனக்குக் கச்சிதமா ஒரு சட்டை தைக்கணும்."