ஒண்ணுமில்லைன்னுட்டாக

மதுரையில் என் கழுத்துக் கட்டியை ஸ்கேன் எடுத்து, ஊசி குத்திப் பார்த்து, ரிசல்ட்டையும் கையில் கொடுத்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, சாதாரணக் கட்டிதான். வருஷத்துக்கு ஒருதடவை வந்து காமிங்க, போதும்" என்றார் டாக்டரம்மா. வேறு யாராக இருந்தாலும் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு காப்பியைக் குடித்துவிட்டுச் சந்தோஷமாக ஊர் திரும்பியிருப்பார்கள். எனக்கு அன்றைக்குத்தான் வியாதியே பிடித்தது.

காரணம் இருந்தது. என்னை வெளியே அனுப்பிவிட்டு, "சார் மட்டும் ஒரு நிமிஷம் இருங்க" என்று என் வீட்டுக்காரரை டாக்டரம்மா உள்ளே நிறுத்திக்கொண்டார். அவர் வெளியே வந்தபோது முகம் தொங்கிப் போயிருந்தது.

"என்னங்க சொன்னாக?"

"ஒண்ணுமில்ல. வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

எங்கள் பக்கத்தில் 'ஒண்ணுமில்ல' என்றால் என்ன அர்த்தம் என்று அருப்புக்கோட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். திருச்சுழிப் பக்கம் பருத்தி போட்டுப் பிழைத்த என் பெரியப்பாவுக்குத் தொண்டையில் புற்று வந்தது. சொந்தபந்தம் அத்தனையும் கூடி, டாக்டரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, "வெறும் புண்ணுதான், ஒண்ணுமில்ல" என்று அவரிடம் சாதித்தோம். டீக்கடைக்காரர் வரைக்கும் எல்லோருக்கும் விஷயம் தெரியும், அவர் ஒருத்தருக்குத்தான் தெரியாது. கஞ்சி இறங்காத தொண்டையை வைத்துக்கொண்டு, அடுத்த மழைக்கு எந்த விதை வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டு கிடந்தார். மழைக்கு முன்னாலேயே போய்விட்டார். இதற்குப் பெயர் பாசமாம். நோயாளியின் முகத்தைப் பார்த்து ஒரு உண்மை சொல்லத் துப்பில்லாத கூட்டம், அதைப் பாசம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறது. அந்தக் கூட்டத்தில் ஆப்பிள் ஜூஸ் பிழிந்து கொடுத்தவள் நான்.

நோய் இருந்தாலும் அதே சொல், இல்லாவிட்டாலும் அதே சொல் என்றால் ஒருத்தி எதை நம்புவாள்?

ஊருக்கு வந்ததிலிருந்து வீட்டுக்காரர் நல்லவராகிவிட்டார். அதுதான் என்னை உலுக்கியது. எம்.ரெட்டியபட்டியிலிருந்து டவுனுக்குப் பருத்தி லோடு அடிக்கிற மனிதர் அவர். வண்டிச் சத்தத்துக்குச் சமமாகக் கத்திக் கத்தியே பழகிய வாய். கல்யாணமான நாளிலிருந்து சோற்றில் முடி, ரசத்தில் புளி, சட்டையில் சுருக்கம் என்று எதையாவது பிடித்துத் திட்டாமல் ஒரு பொழுது விடிந்ததில்லை. அப்படிப்பட்டவர் குடத்தைத் தூக்கித் தண்ணீர் பிடிக்கிறார். குடித்த டம்ளரைக் கழுவி வைக்கிறார். "நீ உக்காரு, நான் பாத்துக்கிறேன்" என்கிறார். யார் கேட்டது இவரிடம்?

அடுத்து நரிக்குடியிலிருந்து அவருடைய தங்கச்சி, ஆட்டுக்கறியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்து இறங்கினாள். தன் மகள் சடங்குக்கு நான் எடுத்துக்கொடுத்த சேலை மட்டம் என்று ஊர் முழுக்கச் சொல்லி, என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தவள். வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் மட்டும் என் கழுத்தில் இருந்தது.

"எதையும் மனசுல வச்சுக்கிறாதீக மதினி. நல்லாச் சாப்பிடுங்க."

"அந்தச் சேலை..." என்றேன் வேண்டுமென்றே.

"அட, சேலையெல்லாம் ஒரு பெரிசா மதினி!"

அந்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருகிறதென்றால் என் கதை முடிந்தது என்றே முடிவு கட்டினேன்.

பாளையம்பட்டியில் நான் வைத்திருக்கும் நைட்டிக் கடைக்கு அந்த நாட்களில் கூட்டத்துக்குக் குறைவில்லை. வியாபாரம்தான் இல்லை. துணியைப் பிரித்துப் பார்ப்பது போல என் கழுத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒருத்தி, "எங்க கொழுந்தியாளுக்கும் டெஸ்ட்டுல ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாக" என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் சொல்லாமல் உச்சுக்கொட்டினாள். நாலு நைட்டியை உதறிக் கலைத்துப் போட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் போனாள்.

அவர்களைச் சொல்கிறேனே, நான் மட்டும் என்ன லட்சணம்? துணி மடிக்கும்போதும் கை கழுத்துக்குப் போகும், பஸ்ஸில் நிற்கும்போதும் போகும். அமுக்குவேன், வலிக்கும், வலிக்கிறதே என்று மறுபடி அமுக்குவேன். ரிப்போர்ட்டில் இருந்த இங்கிலீஷ் வார்த்தையைப் போனில் போட்டுத் தேடினேன். கெடுதல் இல்லாத கட்டி என்றுதான் முதலில் வந்தது. கீழே தள்ளத் தள்ள வேறு என்னென்னவோ வந்தது. முதலில் வந்ததை விட்டுவிட்டுக் கடைசியில் வந்ததை நம்பினேன். அருப்புக்கோட்டையில் இன்னொரு டாக்டரிடம் போனேன். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார்.

"அமுக்கிக்கிட்டே இருக்கீங்களா? தோலெல்லாம் செவந்து கெடக்கு. கையை எடுங்கம்மா, வலி தானாப் போயிரும்."

இவருக்கும் மதுரையிலிருந்து போன் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினேன். ஒரு நைட்டிக் கடைக்காரிக்காக ரெண்டு ஊர் டாக்டர்கள் கூடிச் சதி செய்கிறார்களாம். என்ன கொழுப்பு எனக்கு!

கடைசியில் நானே ஒரு டெஸ்ட் வைத்தேன். கத்தரிக்காய்க் குழம்பில் ரெண்டு மடங்கு உப்பை அள்ளிப் போட்டு அவருக்கு ஊற்றினேன். ஒரு வாய் வைத்தவர் கண்ணை மூடித் திறந்தார். தண்ணீரைக் குடித்தார். தட்டைக் காலி செய்துவிட்டு, "நல்லாருக்கு" என்று எழுந்து போனார்.

அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். சாவுக்குப் பயந்து அழுதேன், பெரியப்பாவை நினைத்து அழுதேன். என் வீட்டில் எனக்கு உண்மை சொல்ல ஒரு ஆள் இல்லையே என்றுதான் அதிகம் அழுதேன்.

மறுநாளும் உப்பைக் கூட்டினேன். சாப்பிட்டார். அதற்கு அடுத்த நாள் இன்னும் கூட்டினேன். முதல் வாயிலேயே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"மனுசன் திங்கிறதாடி இது? கடலைக் கலக்கி ஊத்துறியா? அந்த டாக்டரம்மா சொல்லுச்சேன்னு நானும் பொறுத்துப் பொறுத்துப் பாக்கேன்!"

"என்ன சொன்னாக?"

"இந்தம்மாவுக்கு நோயுமில்ல ஒண்ணுமில்ல, பயந்து போயிருக்காக, கொஞ்ச நாளைக்குத் திட்டாம இருங்கன்னுச்சு. என் வீட்டுக்காரரு எந்நேரமும் வையிறாருன்னு நீதான அதுக்கிட்ட சொல்லிருக்க? வெளியாளு முன்னால நின்னு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வசவு வாங்கிட்டு வந்தேன். போதாததுக்கு என் தங்கச்சி வாயையும் கட்டிப் போட்டேன்!"

முகம் தொங்கியது அதற்குத்தான்.

அதோடு விடவில்லை. என் சமையல், என் கடை, என் அப்பா வீட்டுச் சீர், அந்தச் சடங்குச் சேலை என்று பாக்கி வைத்திருந்ததையெல்லாம் இழுத்துப் போட்டுத் திட்டினார். நான் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டேன். சாகப்போகிறவளை எவனும் இப்படித் திட்டமாட்டான். வாழ்க்கையில் இவ்வளவு நிம்மதியாக நான் வசவு வாங்கியதில்லை. ஸ்கேன் சொல்லி நம்பவில்லை, ஊசி சொல்லி நம்பவில்லை, ரெண்டு டாக்டர்கள் சொல்லியும் நம்பவில்லை. இந்த மனிதரின் அழுகல் வாய் சொன்னதும் நம்பிவிட்டேன். படித்தவள் என்று வேறு பெயர் எனக்கு.

அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். உப்பை அளவாகப் போட்டேன். அவர் தினமும் திட்டினார், கழுத்துச் சிவப்பும் ஆறியது.

நேற்றுச் சாயங்காலம் லோடு இறக்கிவிட்டு வந்தவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ரொம்ப அசந்து தெரியிற. நீ உக்காரு, காப்பி நான் போடுறேன்" என்றார்.

அவர் அடுப்பைப் பற்ற வைப்பதற்குள் என் விரல் கழுத்துக்குப் போய்விட்டது.