நான்கு பக்க மனுவுடன் பேகம்பேட்டுக்கு

2007 ஜூன் 10, ஞாயிறு, மாலை 6.10. சென்னை சென்ட்ரலிலிருந்து சார்மினார் எக்ஸ்பிரஸ் குறித்த நேரத்துக்குக் கிளம்பியது. கிளம்பாது என்று நம்பி இரண்டு தினசரிகள் வாங்கியிருந்தேன். ஹைதராபாத்துக்கு 790 கிலோமீட்டர். படுக்கை வசதிக்கு மூத்த குடிமக்கள் சலுகை போக 211 ரூபாய். சலுகைக்கு வயதுச் சான்று கையில் இருக்க வேண்டும். என்னிடம் மூன்று இருந்தன. பரிசோதகர் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

பயணத்தின் காரணம் என் தங்கை மகள் சுகன்யா. எம்.சி.ஏ. கடைசிப் பருவத்துக்காக, பேகம்பேட்டில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறு மாதப் புராஜெக்ட் பயிற்சியில் இருந்தாள். பயிற்சி அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. ஒன்பது மாணவர்களில் மூவரை வேலைக்கு வைத்துக்கொள்வார்கள். யார் யார் என்று செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குத் தெரியும். சிக்கல் என்னவென்றால், அவளுக்கு வேலை கொடுத்து வந்த டீம் லீடர் ஏப்ரலில் கூடுதல் சம்பளத்துக்கு வேறு நிறுவனம் போய்விட்டார். புதிதாக வந்தவர் அவளிடம் ‘குட்மார்னிங்’ தவிர ஒன்றும் பேசியதில்லை. ஆறு மாதம் அவள் என்ன செய்தாள் என்று சொல்ல ஆளில்லை. அவள் தொலைபேசியில் தங்கையிடம் அழுதாள். தங்கை என்னிடம் அழுதாள். நான் திருச்சியில் ஒரு கனரகத் தொழிற்சாலையின் பயிற்சிப் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு அழ வராது, மனு எழுத வரும். அவள் வேலையைக் கணக்கில் எடுக்கக் கோரி நிறுவனத்துக்கு நான்கு பக்கம், ஏழு இணைப்புகள், மூன்று பிரதிகள், கெஜட்டட் அதிகாரியின் சான்றொப்பத்துடன் பெட்டியில் இருந்தன.

ஜனவரியில் அவள் கிளம்பும்போதே கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று கொடுத்திருந்தேன். எங்கள் தொழிற்சாலையில் பயிற்சியாளர்கள் தினமும் எழுதும் பதிவேட்டின் அதே அமைப்பு: தேதி, செய்த வேலை, மேற்பார்வையாளர் கையெழுத்து. கையெழுத்தில்லாத நாள் வேலை செய்யாத நாள் என்பது எங்கள் விதி.

ஜூன் 11, திங்கள், காலை 7.40. செகந்திராபாத். அங்கிருந்து லிங்கம்பள்ளிக்கு எம்.எம்.டி.எஸ். மின்ரயில், கட்டணம் ஏழு ரூபாய். பேகம்பேட் நிலையத்தில் கழுத்தில் அட்டை மாட்டிய இளைஞர்கள் பாதிப் பெட்டியைக் காலி செய்துகொண்டு இறங்கினார்கள். எங்கள் தொழிற்சாலையில் அட்டையைப் பையில் வைத்திருப்போம், கேட்டால் எடுக்க. இவர்கள் டீக்கடையிலும் கழற்றவில்லை.

லிங்கம்பள்ளியிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஐந்து ரூபாய் கொடுத்து ராமச்சந்திராபுரம் போனேன். அங்கே தொழிற்சாலைக் குடியிருப்பில் என் பழைய சகா லாரன்ஸ் இருக்கிறார். பாளையங்கோட்டைக்காரர், மாற்றலாகி வந்து இருபத்திரண்டு வருடம். திருநெல்வேலித் தமிழ் குறையவில்லை, மேலே கொஞ்சம் ஹைதராபாத் தூவியிருக்கிறது. அவருடைய மகள் தமிழில் கேட்பதற்கெல்லாம் இந்தியில் பதில் சொல்கிறாள்.

லாரன்ஸ் மனுவைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

“இது நக்கோ வே, வேணாம். அங்க எவனும் பேப்பர் வாங்க மாட்டான். ஜாமீன் மனு மாதிரில்லா இருக்கு, அந்தப் பிள்ளை என்ன கொலையா பண்ணிட்டு?”

முறையாகப் பெறுநர் முத்திரை வாங்காமல் திரும்ப மாட்டேன் என்றேன். அவர் எனக்கு இன்னொரு தோசை போடச் சொன்னார்.

மாலை 6.30. 218ஆம் எண் பேருந்தில் அமீர்பேட். சுகன்யா அங்கே வந்திருந்தாள். இந்த இடத்தை நேரில் பார்க்காதவர்களுக்கு விளக்குவது கடினம். ஒரே கட்டடத்தில் பதினான்கு பயிற்சிக் கூடங்கள், சுவரே தெரியாமல் விளம்பரத் தாள்கள். ஒரு தாளில், கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய புராஜெக்ட், அறிக்கையும் சான்றிதழும் சேர்த்து, 3,500 ரூபாய். உடன் பயிலும் எட்டுப் பேரில் நால்வர் இங்கே வாங்கிவிட்டதாகவும், அலுவலகத்தில் அவர்கள் மாலை வகுப்புக்கான பாடத்தைப் படித்துக்கொண்டிருப்பதாகவும் சுகன்யா சொன்னாள். கையெழுத்தும் முத்திரையும் ஒழுங்காக இருக்கும் என்பதால் எங்கள் விதிப்படி அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இட்லிக் கடையில் உட்கார்ந்ததும் அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“மாமா, நீங்க நாளைக்கு ஆபீசுக்கு வரக் கூடாது. அம்மாவுக்காக வந்தீங்க, சரி. சார்மினார் பாருங்க, கோல்கொண்டா பாருங்க.”

“பார்க்கறேன்.”

“சத்தியமா?”

சட்னி நன்றாக இருக்கிறது என்றேன்.

ஜூன் 12, செவ்வாய், காலை 10.15. மறுபடி 218இல் அமீர்பேட், அங்கிருந்து ஆட்டோவில் பேகம்பேட், இருபது ரூபாய். ஓட்டுநர் என் மடியிலிருந்த கோப்பைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “இத்னா காகஜ் கைக்கு சாப்? கோர்ட் கேஸா?” என்று, இத்தனை காகிதம் எதற்கென்று கேட்டார். லாரன்ஸுக்கு உறவாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

நிறுவனம் நான்காவது மாடியில். வாசலில் காவலர் ஒரு பார்வையாளர் படிவம் தந்தார். அரைத் தாள், கார்பன் பிரதி இல்லை, வெளியேறும் நேரத்துக்கு இடமே இல்லை. இருந்தாலும் அந்தக் கட்டடத்தில் நான் பார்த்த ஒரே படிவம் என்பதால் அன்போடு நிரப்பினேன். வரவேற்பில் இருந்த பெண் மனுவை வாங்கிக்கொண்டாள். முத்திரை கேட்டதற்கு அப்படி ஒன்று இல்லை என்று ஆங்கிலத்தில் வருந்தினாள். என் பிரதியில் இனிஷியலாவது போடுங்கள் என்று சொல்வதற்குள் கோப்பு கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போய்விட்டது.

அதே கதவு வழியாகச் சுகன்யா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்தது கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பயந்துபோயிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினோரு மணிக்கு அவள் பெயரைச் சொல்லப்போகிறவர், பத்து ஐம்பதுக்கு அவள் மாமாவின் புகார்க் கடிதத்தைப் படித்துக்கொண்டிருப்பார். முப்பத்தொரு வருட அனுபவத்தில் இப்படிப்பட்ட மனு வந்த பையன்களை நாங்கள் எந்த வரிசையில் வைத்தோம் என்பது எனக்குத் தெரியாததல்ல.

காலை 11.25. பதினோரு மணி அறிவிப்பு இன்னும் வரவில்லை. இம்தியாஸ் வெளியே வந்தார். புதிய டீம் லீடர். முப்பது வயதிருக்கும், கோடு போட்ட டி-ஷர்ட். பின்னால் சுகன்யா. ஊர் வாணியம்பாடி என்று சொல்லி உட்காரச் சொன்னார்.

“ரெண்டு பக்கம் படிச்சேன் சார். மூணாவது பத்தியில, இவங்க வேலைக்கு யார் கையெழுத்தும் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. கரெக்ட்தான். இங்க யாரும் போட மாட்டோம்.”

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன்.

“ஆனா போன வெள்ளிக்கிழமையே லிஸ்ட் அனுப்பிட்டேன். இவங்க பேர் மொதல்ல இருக்கு. இதைப் படிச்சதுக்காக வாபஸ் வாங்க முடியாது, அதுக்கு இங்க ப்ரொசீஜர் இல்ல.”

சுகன்யா சிரித்தாள். பிறகு அழுதாள். தங்கை குடும்பத்துக்கு இது வழக்கம்தான்.

விவரத்தை அவர் சொல்லித்தான் அறிந்தேன். முதல் வாரம் நோட்டில் கையெழுத்துப் போட எவரும் கிடைக்காததால், இவள் வெள்ளிக்கிழமை மாலை அந்தப் பக்கத்தை அப்படியே தட்டச்சு செய்து குழுவிலுள்ள எல்லோருக்கும் மெயில் அனுப்பியிருக்கிறாள். கையெழுத்துக் கட்டத்தை எடுத்துவிட்டு, அங்கே ‘எனக்குப் புரியாதது’ என்று ஒரு தலைப்பு. அவளுக்குக் கொடுத்தது மருத்துவமனை பில் போடும் மென்பொருளைச் சோதிக்கும் வேலை. ஆறாவது வாரம் அந்தக் கட்டத்தில், நோயாளி சேர்ந்த தேதிக்கு முந்தைய தேதியில் வீட்டுக்கு அனுப்பினாலும் மென்பொருள் பில் போட்டுவிடுகிறதே, இது சரியா என்று கேட்டிருக்கிறாள். ஒரு வருடமாக யாரும் கவனிக்காத பிழை. குழுவில் அமெரிக்காவிலிருந்தவர்கள் அதற்குப் பிறகு வாராவாரம் பதில் எழுதத் தொடங்கினார்கள். ஏப்ரலில் பழைய லீடர் எதையும் ஒப்படைக்காமல் போனபோது, இம்தியாஸுக்கு அந்தப் புராஜெக்டைப் புரிந்துகொள்ளக் கிடைத்தது இவளுடைய பதின்மூன்று மெயில்கள் மட்டும்தான். எல்லாவற்றையும் படித்தவர், படித்தேன் என்று ஒரு வரி பதில் போடவில்லை. அதற்காக இப்போது மன்னிப்புக் கேட்டார்.

மதியம் 1.00. மூவரும் எதிரே இருந்த ஓட்டலில் சாப்பிட்டோம். அவர்களுக்குப் பிரியாணி, ஆளுக்கு 80 ரூபாய், நான் தயிர்சாதம், 25. சுகன்யா எந்த உள்நோக்கமும் இல்லாமல் கேட்டாள்:

“மாமா, உங்க ஃபேக்டரில அந்தப் பசங்க எழுதறதையெல்லாம் நீங்க படிப்பீங்களா?”

“கையெழுத்துப் போடுவேன்” என்றேன்.

இம்தியாஸ் மரியாதையாகத் தன் தட்டைப் பார்த்தார்.

ஜூன் 13, புதன், மாலை 6.55. செகந்திராபாத். சுகன்யா வழியனுப்ப வந்தாள். சான்றிதழைத் தாளில் தருவார்களா, மெயிலிலா என்று விசாரித்தேன். இரண்டிலும் என்றாள், என் நிம்மதிக்காகவே கேட்டு வைத்திருப்பதாகவும் சொன்னாள். பிறகு கெட்டி அட்டை நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். இருபத்தொரு மெயில்களையும் அச்செடுத்து உள்ளே ஒட்டியிருந்தாள். மனுவின் மிச்சப் பிரதிகள் இரண்டில், ஒன்றில் லாரன்ஸ் வீட்டு முறுக்கு சுற்றி வந்திருந்தது.

திருச்சியில் எங்கள் பயிற்சிப் பிரிவின் மர அலமாரிகளில் அந்தப் பதிவேடுகள் இன்னும் இருக்கும். ஆயிரக்கணக்கான பக்கங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் என் பெயர். அவற்றில் எத்தனை பையன்கள் எத்தனை நல்ல கேள்விகளை எழுதிவைத்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எழுத இடம் விட்டோமா என்றால், அதுவும் இல்லை. கையெழுத்துக் கட்டம் இருந்த இடத்தில்தானே அது வந்திருக்க வேண்டும்.

வண்டி காசிப்பேட்டையை நெருங்கும்வரை படித்தேன். ஒரு பயிற்சியாளரின் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தது அதுதான் முதல் தடவை. எல்லாக் கேள்விக்கும் கீழே யாரோ ஒருவர் பதில் எழுதியிருந்தார்கள், முதல் வாரத்துக் கேள்வி ஒன்றைத் தவிர: ‘மாமா கொடுத்த நோட்டில் யாரிடம் கையெழுத்து வாங்குவது?’

பேனாவை எடுத்து, ‘தேவையில்லை’ என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் கவனித்தேன். பழக்கதோஷத்தில் கீழே கையெழுத்திட்டு, தேதியும் போட்டிருந்தேன்.