குதிரைக்கு லீவு

மாமா அவுஸ்திரேலியாவிலிருந்து அனுப்பிய படத்தில் குதிரைமேல் இருந்தார். தலையில் அகலத் தொப்பி, கழுத்தில் கைக்குட்டை. படம் கறுப்பு வெள்ளைதான்; கைக்குட்டை சிவப்பு என்று நானே முடிவு செய்துகொண்டேன். மாட்டுப் பட்டியில் வேலை கிடைத்திருப்பதாகவும் எழுதியிருந்தார். அது போதாதா? என் மாமா கௌபோய் என்று யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தேன். வாய் திறக்காத பிள்ளை சொன்னதால் எல்லாரும் நம்பினார்கள்.

அப்பா தவறிய பிறகு, எழுபதுகளின் நடுவில், மாமா அம்மாவையும் என்னையும் சிட்னிக்குக் கூப்பிட்டுக்கொண்டார். லிட்கமில், ரயில் பாதைக்குக் கிட்ட ஒரு சின்ன வாடகை வீடு. குதிரை கட்ட அங்கே இடமே இல்லை. வேலை இடத்தில் கட்டியிருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அம்மா குசினித் தட்டில் சுவாமிப் படம் வைத்திருந்தா. முட்டைகூட அந்த வீட்டுக்குள் வராது. மாமா பின்னேரம் வேலையால் வந்ததும் உள்ளே வரமாட்டார். பின்வளவுக் குழாயடியில், அந்தக் குளிரிலும், தலையோடு தண்ணீர் வார்த்துவிட்டுத்தான் படியேறுவார். ஊரில் செத்தவீட்டுக்குப் போய் வந்தவர்கள்தான் அப்படிக் குளிப்பார்கள்.

"ஏன் மாமா வெளியில குளிக்கிறியள்?"

"எல்லாம் குதிரைத் தூசி, பிள்ளை."

பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு காலை, அந்தக் குதிரையைப் பார்க்க வேலியோடு வேலியாக நடந்து போனேன். ஒரே பனி. பனிக்குள் சரக்கு ரயில் நின்றது. அதிலிருந்து மாடுகள் மூச்சுப் புகையோடு இறங்கிவந்தன, கனவில் நடப்பவை போல. நடுவில் மாமா. தொப்பி இல்லை, காதுவரை இழுத்த கம்பளிக் குல்லா, முழங்கால்வரை ரப்பர்ச் சப்பாத்து, கையில் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு. அதால் அவர் ஒன்றையும் அடிக்கவில்லை. "வா ராசாத்தி, நட, நட" என்று தமிழில் கதைத்துக்கொண்டிருந்தார். அவுஸ்திரேலியா மாடுகள் தமிழ் விளங்கியதுபோல ஒன்றன்பின் ஒன்றாகத் தகரக் கதவுக்குள் போயின. ஒன்றும் திரும்பி வரவில்லை. உள்ளே நல்ல வைக்கோல் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

என்னைக் கண்டதும் மாமா ஓடிவந்தார்.

"எடி, நீ எப்பிடி இஞ்ச?"

"குதிரை எங்க மாமா?"

அவர் குழாய்த் துண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பிறகு சிரித்தார். "குதிரைக்கு இண்டைக்கு லீவு. பிள்ளை, நீ இஞ்ச வந்ததைக் கொம்மாட்டைச் சொல்லிப்போடாதை. தெரிஞ்சால் அக்கா என்ரை கையால ஒருவாய் சோறு தின்னமாட்டா."

அந்தக் குதிரை ஒரு பொருட்காட்சியில் படம்பிடிக்கிறவன் வாடகைக்கு வைத்திருந்தது, தொப்பியும் அவனுடையதுதான் என்பதெல்லாம் நான் வளர்ந்த பிறகு கேள்விப்பட்டது. அந்தத் தகரக் கதவுக்குப் பின்னால் மாடு வெட்டினார்கள் என்பதும் அப்படித்தான்.

நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அன்று பின்னேரம் மாமா குழாயடிக்குப் போனபோது அங்கே ஒரு வாளி வெந்நீர் ஆவி பறக்க இருந்தது. பக்கத்தில் காய்ந்த துவாய். படியில் விபூதித் தட்டோடு அம்மா.

மாமா என்னைப் பார்த்தார். நான் இல்லையென்று தலையாட்டினேன்.

"அவளை ஏன் பாக்கிறாய்? வந்த கிழமையே உன்ரை சப்பாத்து மணத்திலயே எனக்குத் தெரியும். இண்டைக்கு இவளின்ரை செருப்பிலயும் அதே மணம், இனி ஆருக்கு ஒளிக்கிறது?" என்றா அம்மா. "பச்சைத்தண்ணியில குளிச்சுக் காய்ச்சலில விழாதை, தம்பி. வார்த்துப்போட்டு வா, சோறு ஆறுது."

"அக்கா..." என்றார் மாமா.

"நானும் இன்னும் தின்னேல்லை. கெதியா வா."

மாமா வெந்நீரை முகத்தில் ஊற்றினார், ஊற்றினார், நிறுத்தவேயில்லை. அம்மா இறங்கிப்போய் ஈரநெற்றியில் விபூதியைப் பூசிவிட்டா. மாமாவின் கண் சிவந்திருந்தது. சவர்க்காரம் பட்டிருக்கும்.

எனக்கு ஒரே பெருமை. கௌபோய்கள் வீடு திரும்பினால் எல்லா நாட்டிலும் இப்படித்தான் வெந்நீர் வைத்து, நெற்றியில் விபூதி பூசி வரவேற்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, நான் போய் மூன்று சோற்றுக் கோப்பைகளையும் எடுத்துவைத்தேன்.