சார்ஜரை மறித்த லாரி

நார்வேக்காரர் ஒருவர். நெதர்லாந்து அம்மா ஒருவர். சென்னை அதிகாரி ஒருவர். கார் ஓட்டுகிற நான். மின்சார வண்டிக் கொள்கைக்காக, நாமக்கல் லாரி முதலாளிகளுக்கு வெளிநாட்டு அனுபவத்தைச் சொல்லப் போகிறோம். கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது. சங்ககிரியில் காரின் சார்ஜ் இறங்கிவிட்டது.

ஓட்டல் வாசலில் சார்ஜர் இருக்கிறது. அதை மறித்து ஒரு காலி லாரி நிற்கிறது.

"அண்ணா, வண்டியைக் கொஞ்சம் எடுங்க" என்று லாரிக்காரரிடம் கேட்கிறேன்.

"எடுக்கலாமுங்க. பேட்டரி செத்துப் போச்சு. உங்க காரு பேட்டரியில ஓடறதுதானுங்களே? எங்களுக்கும் கொஞ்சம் ஊத்தி உடுங்க."

அதிகாரி சிரிக்கவில்லை.

எல்லோரும் சேர்ந்து தள்ளுகிறோம். ஓட்டல்காரர்களும் கை கொடுக்கிறார்கள். நார்வேக்காரர் நன்றாகத் தள்ளுகிறார். லாரி உறுமிக் கிளம்புகிறது. கரும்புகையில் அந்த அம்மாவின் வெள்ளைச் சட்டை போச்சு.

சார்ஜரைக் காரில் செருகுகிறேன். நாமக்கல் போகிற அளவுக்கு ஏற ஒன்றரை மணி நேரம் ஆகும் போலிருக்கிறது.

லாரிக்காரர் எட்டிப் பார்க்கிறார். "நானும் நாமக்கல்லுதானுங்க போறேன். ஏறிக்கறீங்களா?"

அதிகாரி மணி பார்க்கிறார். "யாரும் படம் எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக ஏறுகிறார். "லாரி முதலாளிங்க கூட்டம் நடக்கற மண்டபத்துக்கு முந்தின தெருவுல இறக்கி விட்டுடுப்பா."

"அதெப்படிங்க? எங்க மொதலாளியும் அங்கதான் இருக்காரு. வாசல்லயே உடறேன்."

லாரி மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு போகிறது. நான் காரிலேயே உட்கார்ந்து திரையைப் பார்க்கிறேன்.

ஒன்பது சதவீதம்.