உட்காரக் கூடாத வீட்டுக்காரன்

ஸ்லாவா அன்றைக்கு வீட்டுக்காரன் உட்காரக் கூடாது. குடும்பத்தைக் காக்கும் புனிதரின் நாள் அது. விருந்துக்கு யாரையும் அழைப்பதில்லை; வருகிறவர்கள் தாமாக வருவார்கள். கடைசி ஆள் கிளம்பும்வரை வீட்டுத் தலைவன் நின்றபடியே ஊற்ற வேண்டும், பரிமாற வேண்டும். வுகாஷினின் அப்பா சாகிற வருஷம்கூட மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பிறகு அந்தப் பொறுப்பு வுகாஷினுக்கு வந்தது. அவனுக்கோ வலது முட்டி புளித்த மாவு மாதிரி பொங்கிக் கிடந்தது. கால்சட்டைக்குள் இறுக்கிக் கட்டுப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து நின்றான்.

சாச்சக் ஊரில் பிள்ளை நடக்கத் தொடங்கியதும் கையில் கூடைப்பந்தைக் கொடுத்துவிடுவார்கள். வுகாஷின் இரண்டு மீட்டரையும் தாண்டி வளர்ந்தவன். வேறு வேலையைப் பற்றி யாரும் யோசிக்கக்கூட இல்லை. பத்தொன்பது வயதில் பெல்கிரேடின் பெரிய அணி ஒன்று கூட்டிக்கொண்டு போய் பெஞ்சைத் தேய்க்க விட்டது. பிறகு ருமேனியா, சைப்ரஸ், ஈரான், கஜகஸ்தான் என்று ஊர் ஊராக அலைந்தான். எங்கே போனாலும் வேலை ஒன்றுதான்: கூட ஆடுகிறவன் நிம்மதியாகப் பந்தைப் போட, எதிராளியின் வழியில் நின்று நெஞ்சில் இடி வாங்குவது. பெயர் வாங்கியவர்கள் வேறு ஆட்கள். தேசிய அணியிலிருந்து கூப்பிடுவார்கள் என்று ஒவ்வொரு கோடையிலும் போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பான். கூப்பிட்டது அம்மாதான், சாப்பிட்டாயா என்று கேட்க. முப்பத்தாறு வயதில் சொந்த ஊர் அணிக்கே திரும்பினான்.

அந்த அணியின் பயிற்சியாளன் புதிமிர், சின்ன வயதில் இவனோடு ஆடியவன். இப்போது இவனுக்குக் கூம். இவன் மகளின் ஞானத்தகப்பன். கூம் என்பது ரத்த உறவுக்கும் மேலே. அந்த உறவின் பெயரைச் சொல்லி ஒன்று கேட்டுவிட்டால் மறுக்க முடியாது. அதனாலேயே யாரும் லேசில் கேட்பதில்லை.

போன வாரம் பயிற்சி முடிந்ததும் புதிமிர் அவனைத் தனியாக நிறுத்தினான்.

"உன் ஸ்லாவாவுக்கு மறுநாள் ஆட்டம். முட்டி சரியா இருந்தா நீதான் முதல்ல இறங்குற. இல்லேன்னா, இந்தக் குளிர்காலத்தோட உன்னை அனுப்பிட்டு வேற ஆள் எடுக்கச் சொல்றாங்கடா நிர்வாகத்துல. என் கையில ஒண்ணுமில்ல."

"முட்டிக்கு என்ன கேடு? குதிரை மாதிரி இருக்கு."

சொன்னது பச்சைப் பொய். சொல்லும்போதே தெரியும், கூமுக்குப் பொய் சொல்கிறோம் என்று. ஆனால் பந்து இல்லாமல் காலையில் எழுந்து என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியாது. பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஸ்லாவா அன்று காலையிலேயே பாதிரியார் வந்து சடங்கு ரொட்டியை வெட்டிவிட்டுப் போயிருந்தார். நெட்டை மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. அவன் மனைவி நெவெனா சமையலறையில் வழிமறித்தாள்.

"முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. இங்கயாவது ரெண்டு நிமிஷம் உக்காரேன்யா."

"யாராவது பாத்துட்டா?"

"யாரு பாக்கப் போறா? அடுப்புல வேகுற முட்டைக்கோஸா?"

அவன் சிரித்துவிட்டு ஒயின் புட்டியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனான்.

அங்கே தாய்மாமன் ஸ்ரெத்கோ காலையிலிருந்தே குடித்துக்கொண்டிருந்தார். அவர் வாய் சும்மா இருக்காது.

"கஜகஸ்தான் வரைக்கும் போய் ஆடுனியேடா மருமகனே, நம்மூர் டிவில ஒருநாளாவது உன் மூஞ்சியைக் காட்டுனானா?"

"காட்டுனான் மாமா. கீழே விழுந்து கிடந்தப்போ."

கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் புதிமிர் உள்ளே வந்தான். வழக்கப்படி வுகாஷினின் கன்னத்தில் மூன்று முறை முத்தமிட்டான், விருந்தாளிகள் முதலில் சுவைக்கும் வேகவைத்த கோதுமையில் ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டான், மேசைக் கோடியில் உட்கார்ந்தான். சாப்பிட வந்தவன் தட்டையல்லவா பார்க்க வேண்டும்? இவன் வுகாஷினின் காலைப் பார்த்தான்.

வுகாஷின் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்தான். நொண்டல் தெரியாமலிருக்க ஒவ்வொரு நாற்காலியின் முதுகையும் தோழமையாகத் தட்டுவது போலத் தொட்டுத் தொட்டுப் போனான். அவனிடம் ஒரு திட்டம் இருந்தது. எல்லோரும் போன பிறகு, கூம் உறவின் பெயரைச் சொல்லி, 'நாளைக்கு என்னை இறக்கு' என்று கேட்டுவிடுவது. வாழ்நாளில் அந்தச் சொல்லை அவன் யாரிடமும் செலவழித்ததில்லை. புதிமிரால் மறுக்க முடியாது. மாலைவரை நின்றுவிட்டால் போதும்.

"கறி எங்கேடா?" என்று மாமா குரல் கொடுத்தார். "மைதானத்துலயும் இப்படித்தான் அசைஞ்சு அசைஞ்சு வருவியா?"

வறுத்த பன்றிக்கறித் தட்டோடு சமையலறை வாசலைத் தாண்டியபோது முட்டி மடங்கிவிட்டது. அவன் விழவில்லை, சுவரில் சாய்ந்து தட்டை மட்டும் காப்பாற்றினான். இரண்டு துண்டுகள் தரையில் விழுந்தன.

"தரை வழுக்குது," என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. மாமாகூடத் தலையைக் குனிந்துகொண்டார். புதிமிர் எழுந்து வந்து தட்டை வாங்கி நெவெனாவிடம் கொடுத்தான். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காரு."

"ஸ்லாவாடா இன்னிக்கு. நான் எப்படி உக்காருவேன்? எங்கப்பா..."

"தெரியும். உக்காரு."

"மாட்டேன்."

புதிமிருக்குக் கண் கலங்கிவிட்டது. "கூம்ங்கிற உறவைச் சொல்லிக் கேக்குறேன்," என்றான். "உக்காருடா."

வுகாஷின் பத்திரமாக வைத்திருந்த சொல் எதிராளி வாயிலிருந்து வந்துவிட்டது. வீடு நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுக்க வழியில்லை. உட்கார்ந்தான்.

உட்கார்ந்ததும் முட்டி வலி குறைந்தது. அதுதான் அவனுக்குத் தாங்க முடியவில்லை.

"நாளைக்கு..." என்று ஆரம்பித்தான்.

"நாளைக்கு நெவெனாவையும் பிள்ளையையும் கூட்டிட்டு ஆட்டம் பாக்க வா."

எல்லோர் முன்னாலும் முட்டி காட்டிக்கொடுத்த பிறகு, கேட்க வைத்திருந்ததை வுகாஷின் இனி கேட்க முடியாது. புதிமிர் ஒயின் புட்டியை எடுத்து மாமாவின் கிளாஸில் ஊற்றினான், பிறகு பக்கத்து ஆளுக்கு. உட்காராமல் மேசையைச் சுற்றி வந்தான்.

அப்போது கதவு திறந்தது. புதிதாகக் குடிவந்திருந்த கீழ்வீட்டுக்காரர் கையில் ஒரு புட்டியோடு நின்றார். கூடத்தை ஒருமுறை பார்த்தார். புட்டியோடு நின்றுகொண்டிருந்த ஒரே ஆளிடம் நேராகப் போய்க் கையைக் குலுக்கினார்.

"ஸ்லாவா வாழ்த்துகள், வீட்டுக்காரரே!"

நாற்காலியின் கையைப் பிடித்து எழப் பார்த்தான் வுகாஷின். முடியவில்லை.