விற்பவர் முதலில் தொங்க வேண்டும்

அன்று பாறையடியில் இருந்தவர்கள்: அண்ணன். அவருடைய தம்பி நான். பழைய இரும்புக் கடை பாஷா பாய். பாறை ஏறும் சாமான் வாங்கப் பெங்களூரிலிருந்து வந்த கல்லூரிப் பையன்கள் இருவர். வேறு ஆள் இல்லை. அண்ணன் போன பிறகு வீட்டில் அவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எனக்கு எழுத வராது. அந்த நாளைச் சொன்னால் அவரைச் சொன்ன மாதிரி.

அண்ணன் பிறந்தது நாட்றாம்பாளையம். அப்பா மலைத்தேன் எடுக்கக் கயிற்றில் இறங்குகிறவர். புதுக் கயிறு என்று ஒருவர் கொடுத்தார். அப்பா நம்பி இறங்கினார். பாதியில் அறுந்தது. அண்ணனுக்கு அப்போது மீசை முளைக்கவில்லை. அதற்குப் பிறகு யார் சொன்னதையும் அவர் அப்படியே எடுத்துக்கொண்டதில்லை. என் கல்யாணத்தில்கூட பந்தல் கால்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் சம்பந்தி வீட்டாரை உட்காரவிட்டார்.

பிழைக்க ஓசூர் வந்தோம். கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். அண்ணன் சாரம் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக்காரர்கள் சிலர் பாறை ஏற வருவார்கள். அவர்களுக்கு மூட்டை தூக்கினார். பிறகு கூடவே ஏறினார். அவர்கள் தங்கள் நாட்டுக்குத் திரும்பும்போது கயிறு, பாறையில் அடிக்கும் ஆணி, ஸ்பிரிங் வாய் வைத்த வளையம் எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போவார்கள். நம் கடைகளில் அன்று அது கிடைக்காது. அண்ணன் வாங்கி, ஏற ஆசைப்பட்ட பையன்களுக்கு விற்றார். அதுவே தொழில் ஆயிற்று.

ஊரில் அவர்மேல் சந்தேகம். கயிறும் கொக்கியும் வைத்திருப்பவன் வேறு என்ன செய்வான் என்றார்கள். ஒருமுறை போலீஸ் பிடித்துப்போய், இதை வைத்து எந்த வீட்டில் ஏறினாய் என்று கேட்டது. வீட்டில் ஏற ஏணி போதுமே என்றார் அண்ணன். அதற்குக் கன்னத்தில் ஓர் அறை வாங்கினார்.

அவருக்கும் எல்லார்மேலும் சந்தேகம். கயிற்றை முழ நீளம் முழ நீளமாக விரலால் உருட்டிப் பார்ப்பார். மோந்து பார்ப்பார். சாயம் போட்ட கயிறு வாசனையில் தெரியும் என்பார். வளையம் என்றால் கொண்டுவந்தவரே தொங்க வேண்டும். கடைக்குப் பின்னால் பாறையில் ஆணி அடித்திருந்தார். கீழே மணல். விற்பவர் இடுப்பில் கயிறு கட்டி, அந்த வளையத்தில் ஆள் உயரத்தில் தொங்கி உதற வேண்டும். முடியாது என்றால் சாமானைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

பாஷா பாயை மட்டும் அவர் தொங்கச் சொன்னதில்லை. அண்ணனுக்கு முதல் கடையை வைத்துக் கொடுத்தவர் அவர்.

அன்று பாய் ஒரு பை நிறைய வளையம் கொண்டுவந்தார். கெலமங்கலத்தில் ஒரு தரகரிடம் வாங்கியதாகச் சொன்னார். எல்லாம் சீமைச் சாமான், எழுத்து வெட்டியிருந்தது. பையன்கள் மறுநாள் காலை ஏறப் போகிறவர்கள். கையில் பணத்தோடு நின்றார்கள். அண்ணன் வளையங்களைத் துணியில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கயிறு உரசிய தடம் எல்லாவற்றிலும் இருந்தது. எல்லாவற்றிலும் ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில்.

"பாய், நீ தொங்கு" என்றார்.

பாய் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

"என்னையா சொல்றே மச்சான்?"

"உன்னத்தான்."

"பசங்க முன்னாடி என்னத் திருடனாக்கறியே."

"நீ திருடன்னு நான் சொல்லல. வளையத்த சொல்றேன்."

பாய் தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். முகம் கறுத்துவிட்டது. கயிறு கட்டிக்கொண்டு தொங்கினார். முதல் வளையம் தாங்கியது. இரண்டாவதும் தாங்கியது. போதுமா என்று மேலிருந்தே கேட்டார். அண்ணன் மூன்றாவதை நீட்டினார். பாய் வீம்புக்கு ஓங்கி உதறினார். வளையம் வாய் பிளந்தது. மணலில் விழுந்தும் மணிக்கட்டு முறிந்தது.

எங்கோ ஒரு பட்டறையில் வார்த்து, தேய்மானத்தையும் அரத்தால் போட்டிருக்கிறார்கள். பாயும் ஏமாந்திருந்தார். பையன்கள் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்கள். அண்ணன் எல்லா வளையத்தையும் சம்மட்டியால் உடைத்தார். பிறகுதான் பாயைக் கட்டுப் போடக் கூட்டிப்போனார். நானும் போனேன். வழியில் பாய், தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லேன் என்று கேட்டார்.

"கட்டுப் பிரிச்சதும் வா. நீ முன்னாடி குடுத்த மிச்ச சாமான் இருக்குது. தொங்கணும்" என்றார் அண்ணன்.

பாய் எட்டு மாதம் எங்கள் வாசலுக்கு வரவில்லை. அண்ணனும் போகவில்லை. ஒரு நாள் பாய் கயிற்று மூட்டையோடு வந்தார். யாரும் சொல்லாமல் இடுப்பில் கட்டிக்கொண்டு பாறைக்கு நடந்தார். அந்தக் கை இன்றுவரை முழுதாகத் திரும்பவில்லை. அண்ணன் விற்ற சாமானில் ஏறி விழுந்தவர் என்று ஒருவரையும் நாங்கள் கேள்விப்படவில்லை.

கடைசி நாட்களில் அண்ணனுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டில் தொங்கிய கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தார். நர்ஸம்மா திட்டினார். "இது யார் மாட்டுனது?" என்று அண்ணன் கேட்டார். அந்தக் கட்டிலிலேயே போய்விட்டார்.

இரவு பகல் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாவுக்கும், பாடை சுமந்த பேரிகை ஊர்ப் பங்காளிகளுக்கும், குழி வெட்டியவர்களுக்கும், சோறு போட்ட தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பாஷா பாய்க்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். ஆனாலும் எழுதுகிறேன். குழியில் இறக்கும் நேரத்தில் அவர்தான் எல்லாரையும் நிறுத்தினார். நேரமாகிறது என்றார்கள். அவர் கேட்கவில்லை. இறக்கும் கயிறுகளை வாங்கி, முழம் முழமாக விரலால் உருட்டினார். மோந்து பார்த்தார். வேப்பமரக் கிளையில் போட்டு, அந்த வயதில், முறிந்த கையோடு, ஒவ்வொன்றிலும் தொங்கினார். பிறகுதான் கொடுத்தார்.

கயிறு இரண்டு. இரண்டும் தாங்கியது.