பல்லடம் பஸ்ஸுல ஓடின என் முட்டை கேம்

இன்னிக்கு பல்லடம் பஸ்ஸுல என் புரோகிராமைப் பாட்டுன்னு நெனச்சுப் போட்டுட்டாங்க.

ஆமா, எங்க வீட்டுல இருக்கிற பழைய கம்ப்யூட்டருக்கு நான் எழுதின கேம்தான். கோழி போடற முட்டையைக் கூடையில பிடிக்கணும். அந்த மிஷின், டேப் ரெக்கார்டர் கேசட்ல சத்தமா பதிஞ்சு வெச்ச புரோகிராமைத்தான் படிக்கும். நண்பன் செல்வத்துகிட்டயும் அதே மாடல் இருக்கு. அவனுக்குக் காட்டத்தான் கேசட்டோட கிளம்பினேன்.

கண்டக்டர் பார்த்துட்டார். "ஏனுங்க, புதுப் படமுங்களா? குடுங்க, போடலாம்."

"பாட்டு இல்லீங்க, கம்ப்யூட்டர் கேமுங்க."

"கேசட்டுல ஏதுங்க கேமு?" சிரிச்சுக்கிட்டே வாங்கிப் போட்டுட்டார்.

கீய்ய்ய்ய்ங்... கர்ர்ர்ர்... எல்லா ஸ்பீக்கர்லயும்!

டிரைவர் பதறி வண்டியை ஓரங்கட்டினார். பனியன் கம்பெனிக்குப் போற திருநெல்வேலி அக்கா ஒருத்தங்க, "எல்லாரும் எறங்குங்க, வண்டி வெடிக்கப் போவுது!"ன்னு கத்தினாங்க.

எனக்கு வேற பயம். இருக்கிறது அந்த ஒரே காப்பி. எடுத்துப் பார்த்தா டேப் உள்ள சிக்கியிருக்கு. கண்டக்டர் பொறுமையா அதை விடுவிச்சு, பென்சிலை விட்டுச் சுத்திக் குடுத்தார். குடுக்கும்போது கேட்டார்: "மியூசிக் யாருங்க?"

"நான்தானுங்க."

"பரவால்லீங்க. போகப் போக நல்லா வருமுங்க."

செல்வம் ஊட்டுல போட்டுப் பார்த்தோம். நல்லவேளை, கேம் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சு.

ஆனா டேப் கசங்கினதுல ஏதோ மாறியிருக்கு. முட்டையெல்லாம் கூடையில இருந்து கிளம்பி கோழிகிட்டயே திரும்பிப் போகுது.

"இப்பத்தாண்டா கேமே நல்லாருக்கு"ங்கறான் செல்வம்.

சரி பண்ணட்டுமா, இப்படியே விட்டுடட்டுமா? நீங்களே சொல்லுங்க.